பாலைவன வீதியில் நான் வைத்த பிள்ளையார்

ஒக்லாந்திலிருந்து தெற்கே வெலிங்டனுக்குப் போகிற வீதியில், பாதித் தூரம் கடந்த பிறகு, அறுபது கிலோமீற்றருக்கு வீடு இல்லை, கடை இல்லை, பெற்றோல் இல்லை. ஒரு பக்கம் மூன்று மலைகள். மறுபக்கம் இராணுவத்தின் நிலம். நடுவில் சாம்பல் நிற மணலும் மஞ்சள் புல்லும். இங்கே எல்லாரும் அதைப் பாலைவன வீதி என்றுதான் சொல்லுவார்கள். பதினாறு வருடமாகக் கிழமைக்கு இரண்டு தடவை அந்த வீதியால் லொறி ஓட்டுகிறேன். எந்தப் பள்ளத்தில் பத்து மணிவரைக்கும் உறைபனி கிடக்கும், எந்த மேட்டில் காற்று வந்து லொறிப் பெட்டியை உதைக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு முன்னால் அந்த வழியால் யார் போனார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்காததால் வந்த பிழையைத்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போனது ஒரு ஜூலை மாதம், இங்கே அது பனிக்காலம். அதுவரை ஒக்லாந்தில், நியூ லின்னில் ஒரு கடையின் பின்பக்கம் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். பெரிய வாகன லைசன்ஸ் எடுத்துப் புது வேலைக்குப் போகும்போது மனைவி சோற்றுப் பையோடு ஒரு தேங்காயும் வைத்துவிட்டாள். எங்கள் நாட்டில் கண்டி வீதியில், காட்டுக்கு நடுவே, ஒரு பிள்ளையார் இருக்கிறார். அவரைக் கடக்கிற எந்த வாகனமும் நின்று தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும். சாரதி எந்தச் சமயத்தவன் என்றாலும் நிற்பான். அந்தப் பழக்கத்தில் வைத்த தேங்காய்.

அன்றைக்குப் பனி விழத் தொடங்கியிருந்தது. ஒரு வளைவில் லொறியின் வால் மெல்ல ஒரு பக்கம் இழுத்தது. இழுத்து, திரும்பி வந்தது. அவ்வளவுதான். ஆனால் அதற்கு மேல் ஓட்டத் துணிவு வரவில்லை. அடுத்த ஒதுக்கிடத்தில் நிறுத்திவிட்டு இறங்கினேன். தேங்காய் இருந்தது, உடைக்கிறதற்குப் பிள்ளையார் இல்லை. கீழே ஓடிய ஆற்றுக்குள் இறங்கி வயிறு தள்ளின மாதிரி ஒரு கறுத்தக் கல்லை எடுத்துக்கொண்டு வந்து, வேலிக் கட்டைக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, திருநீறு பூசி, தார் விளிம்பில் தேங்காயை அடித்தேன். சிதறினதை அப்படியே விட்டுவிட்டு ஏறினேன். அது வெறும் மணல், ஆளில்லாத இடம். ஆளில்லாத இடத்தில் ஆண்டவனும் இருக்கமாட்டார், நான்தான் கொண்டுபோய் வைக்கவேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

பிறகு ஒவ்வொரு பயணமும் அதில் நின்றேன். கோயிலில் கதைக்கும்போது சொன்னேன். வெலிங்டனுக்குப் போகிற எங்கள் சனமும் நிற்கத் தொடங்கியது. யாரோ மஞ்சள் துணி கட்டினார்கள். யாரோ ஒரு சிறு விளக்கு வைத்தார்கள். ஒக்லாந்தில் பிளொக்ஹவுஸ் பே என்ற இடத்தில் இருக்கிற ஒரு குடும்பம் புதுக் கார் எடுத்தால் நாலரை மணி நேரம் ஓடிப்போய் அங்கேதான் எலுமிச்சம்பழம் நசிக்கும். என்னோடு வேலை செய்கிற மலேசியத் தம்பி ஒருவர் பனிக்காலம் வந்தால் சொல்லுவார், “அண்ணே, உங்க சாமிக்கு ஒரு ஜாக்கெட் வாங்கிக் குடுங்கலா, பாவம், நடுங்குது.” ஆனால் அவரும் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவார்.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணம் கட்டி வெலிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். இரண்டு தடவை வயிற்றில் தங்கி, தங்காமல் போனது. இரண்டாவது தடவைக்குப் பிறகு மகள் போனில் கதைப்பதையே குறைத்துவிட்டாள். மூன்றாவது தடவை என்று தெரிந்தபோது மனைவி என்னோடு லொறியில் ஏறி வந்தாள். அந்த ஒதுக்கிடத்தில் இறங்கி, காற்றுக்குள் நின்று, சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சத்தமாகவே சொன்னாள்.

“பிள்ளையாரே, இந்த முறை எங்களுக்குத் தா. நூற்றியெட்டுத் தேங்காய் இதிலயே அடிப்பன். அடிச்சுப் போட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவன். அதுவரைக்கும் தொடமாட்டன்.”

கடைசி வசனத்தை அவள் சொல்லுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. லொறியில் ஏறினபிறகு, ஏனப்பா அப்படிச் சொன்னீர் என்று கேட்டேன். தேங்காய் ஆரும் வாங்கலாம், எனக்கு நோகிறதைக் குடுத்தாத்தானே அவருக்குத் தெரியும் என்றாள்.

பேத்தி எட்டாம் மாதம் முடியமுதலே பிறந்துவிட்டாள். அதே நேரத்தில்தான் பாலைவன வீதியைப் பூட்டியிருந்தார்கள். ஒரு பாலத்தின் மேல்தளத்தைப் பிரித்துப் புதிதாகப் போடவும், பழைய தாரைக் கிண்டி எடுக்கவும் பல கிழமைகளுக்கு மூடிவிட்டார்கள். லொறிகளெல்லாம் மலைக்கு மேற்குப் பக்கத்தால் சுற்றிப் போயின. நாங்கள் இருவரும் விமானத்தில் போனோம். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கை விரல் என் சின்ன விரல் நகம் அளவு. தாதி மனைவியிடம் கையைக் கழுவிவிட்டு உள்ளே விட்டுத் தொடலாம் என்றாள். மனைவி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

மகளுக்கு அது பொறுக்கவில்லை. “அம்மா, ஷி இஸ் சோ ஸ்மோல். ஒரு விரலால தொடுங்கோவன். கோட் வில் அண்டர்ஸ்டாண்ட்.”

“அவருக்கு விளங்கும் பிள்ளை. எனக்கு விளங்காது,” என்றாள் மனைவி.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சம்பந்தியம்மாதான் அவளோடு நின்று எல்லாம் பார்த்தார். நாங்கள் இரண்டு நாளில் திரும்பி வந்துவிட்டோம். அதற்குப் பிறகு மகள் படம் அனுப்புவாள், வசனம் எழுதமாட்டாள். குழந்தையின் நிறை ஒரு கிழமை ஏறும், ஒரு கிழமை நின்றுவிடும். நின்ற கிழமைகளில் மனைவி வீதி எப்போது திறக்கும் என்று என்னிடம் கேட்பாள். நேர்த்திக்கடன் தீராததால்தான் பிள்ளை தேறவில்லை என்று வாயால் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் எனக்குக் கேட்டது.

அந்த நாட்களில்தான் வேலைத்தலத்துக்கு ஒரு போன் வந்தது. பாலைவன வீதியில் திருத்த வேலை செய்கிற ஒருவர், இந்த நாட்டின் பூர்வகுடியான மாஓரி இனத்தவர். பல வருடமாக என் லொறி அந்த ஒதுக்கிடத்தில் நிற்பதைக் கண்டிருக்கிறார். கம்பனியின் பேரைப் பார்த்து எடுத்திருக்கிறார். ஒதுக்கிடத்தை அகலமாக்குகிறோம், உங்கள் கல் பத்திரமாக என்னிடம் இருக்கிறது என்றார். பிறகு, அதைத் திரும்ப அங்கே வைக்க ஏலாது, அந்த இடத்தில் தேங்காயும் உடைக்கக்கூடாது, வீதி திறந்ததும் வாருங்கள், முகத்துக்கு முகம் கதைப்போம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மனைவியிடம் சொல்லவில்லை. பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும்போது எப்படிச் சொல்லுகிறது? வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். பிள்ளை வீட்டுக்கும் வந்தாள். முப்பத்தோராம் நாள் தீட்டும் கழிந்தது. வீதியும் திறந்தது. மனைவி தென்கடல் தீவுச் சனம் நடத்துகிற கடை ஒன்றில் சாக்குச் சாக்காகத் தேங்காய் வாங்கி, ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, நூற்றியெட்டை எண்ணிக் கட்டினாள். நான் பக்கத்தில் நின்று சாக்குக்கு வாய் பிடித்தேன். அப்போதும் சொல்லவில்லை.

சொன்னது டௌப்போ ஏரிக்கரையில். காரில் மூன்றரை மணி நேரம் ஓடி வந்து, பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு நின்றோம். இன்னும் ஒரு மணி நேரத்தில் போன் எடுத்தவரைச் சந்திக்கவேண்டும். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிளாஸ்கின் மூடியை இறுக்கிப் பூட்டினாள்.

“எவ்வளவு காலமாத் தெரியும்?”

“ஒரு மாசம்.”

“ஒரு மாசமா என்னைத் தேங்காய் எண்ண விட்டுப்போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறீங்கள்.” அதற்குப் பிறகு ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “இனி நான் அந்தப் பிள்ளையை எப்பிடித் தூக்கிறது?”

நான் காரை எடுத்தேன். தூராங்கி ஊரைக் கடந்து, மரக்காடு முடிந்து, மலை தெரிகிறவரைக்கும் அவள் என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

ஒதுக்கிடத்தில் புதுத் தார் மணத்தது. அவர் தன் வாகனத்துக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் அங்கியோடு நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், என் வயதுதான். மனைவியைப் பார்த்து முதலில் தலை குனிந்து, “ஆன்ட்டி” என்றார். அவர்களும் பெண்களை அப்படித்தான் மரியாதைக்குக் கூப்பிடுவார்கள் போல. பிறகு வாகனத்தின் முன்கதவைத் திறந்து காட்டினார். முன் இருக்கையில், ஒரு புதுத் துவாயால் சுற்றி, பெல்ட்டும் போட்டு, எங்கள் பிள்ளையாரை இருத்தியிருந்தார். மற்றப் பெடியள் பின்னால் தூக்கிப் போடப் பார்த்தார்களாம். இதில் யாரோ அழுது கும்பிட்டிருக்கிறார்கள், முன்னால்தான் வரவேண்டும் என்று தான் சொன்னதாகச் சொன்னார். மனைவி அந்தப் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தில் இருந்த இறுக்கம் அதில்தான் கொஞ்சம் தளர்ந்தது.

அவர் தன் குடும்பத்தின் வழியாக அந்த வீதியின் கதையைச் சொன்னார். அவருடைய தகப்பன் இந்த வீதி சரளைக்கல் போட்ட கிறவல் வீதியாக இருந்த காலத்தில் அதை மட்டம் செய்கிற யந்திரம் ஓட்டினவர். காற்று அடித்தால் காலையில் போட்டது பின்னேரம் இருக்காதாம். தகப்பனின் தகப்பன் அதற்கு முன்னால், குதிரை வண்டிலில் ஆட்டு மயிர் மூட்டை ஏற்றிக்கொண்டு போனவர். அச்சு வரைக்கும் சேறு. மின்சாரக் கம்பிகள், இராணுவம், தார் எல்லாம் பிறகு வந்தவை. அதற்கெல்லாம் முன்னால் இது ஒரு ஒற்றையடிப் பாதை. ஏரிப் பக்கத்துச் சனம் தெற்கே போகவேண்டும் என்றால் இந்த மணலைத்தான் கடக்கவேண்டும். மணலுக்கு அவர்களின் மொழியில் ‘ஒனெதாப்பு’ என்று பேர். புனிதமான மணல் என்று அர்த்தமாம். முதல் தடவை கடக்கிறவர்கள் இலைகளை நெற்றியில் மாலையாகக் கட்டி, கண்ணுக்கு முன்னால் தொங்க விட்டுக்கொண்டு, மலையைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்து நடந்துபோவார்களாம். தலை தூக்கிப் பார்த்தால் பனிப்புயல் வரும் என்று பயம். பயத்தைவிட மரியாதை என்றார். யந்திரம் ஓட்டின தகப்பன்கூட இந்த இடத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கமாட்டாராம்.

“மலை எங்களுக்குக் கல் இல்லை, ப்ரோ. எங்கள் பெரியவர். அவருடைய முகத்துக்கு முன்னால் சாப்பாட்டை உடைத்துப் போடுவதில்லை. புனிதத்தையும் சாப்பாட்டையும் நாங்கள் ஒன்றாக வைக்கமாட்டோம்.”

நான் திகைத்துப்போனேன். எங்களுக்கு எது பெரிதோ அதற்கு முன்னால்தான் படைப்போம். பழமும் மோதகமும் இல்லாமல் கும்பிடத் தெரியாது. அவர்களுக்கு எது பெரிதோ அதற்கு முன்னால் சாப்பாடு கூடாது. இரண்டும் மரியாதைதான். பதினாறு வருடமாக ஒரு மரியாதையைக் கொண்டுபோய் இன்னொரு மரியாதையின் தலையில் உடைத்திருக்கிறேன். அவர் எத்தனை தடவை அந்தச் சிரட்டைகளைப் பொறுக்கியிருப்பார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மனைவிக்குத் தமிழில் சொன்னேன். பாதி அவளுக்கு ஏற்கெனவே விளங்கியிருந்தது. சேலைத் தலைப்பைத் தலைக்கு மேலே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சுவாமிக்குத் திரை போட்டிருக்கேக்கை நாங்கள் எட்டிப் பாப்பமே? இவ்வளவு காலமும் திரைக்குள்ள தலையை விட்டிருக்கிறம்.” பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள், என்னைக்கொண்டு கேட்பித்தாள். “ஆனால் நான் இதிலதானே கேட்டனான். இதிலதானே கிடைச்சது. அப்ப என்ர நேர்த்தி என்ன ஆகும்?”

பேத்தியைப் பற்றியும், அவள் தூக்காமல் இருப்பதைப் பற்றியும் நான் விளக்கினேன். ஒரு லொறி எங்களைக் கடந்து போனது.

“உங்கள் கடவுள் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாது, ஆன்ட்டி,” என்றார். “நீங்கள் இங்கே நின்று கேட்டதை யாரும் இல்லை என்று சொல்ல ஏலாது. கொடுப்பதை எங்கே வைத்துக் கொடுக்கலாம் என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.”

வீதியின் தெற்கு முனையில், வையூருவில், தன் வீடு இருக்கிறது என்றார். வீட்டைச் சுற்றின வளவுக்குள் சீமெந்துத் தரை. இந்த மாதிரிப் புனிதமான இடத்தைவிட்டு வெளியே வந்தால் அவர்கள் ஏதாவது சாப்பிட்டுத்தான் பழைய நிலைக்கு வருவார்களாம். அங்கே சாப்பாடு தப்பில்லை, தேவை. அங்கே வந்து உடையுங்கள், என் பேரப்பிள்ளைகள் தின்னுவார்கள் என்றார். ஒன்றுமட்டும் கேட்டார். கல் இந்த மலையின் கல். எடுத்தவர் கையாலேயே ஆற்றுக்குத் திரும்பப் போகவேண்டும்.

மனைவி தனியாகக் கொஞ்சத் தூரம் நடந்துபோய் வேலியோரம் நின்றாள். என்ன கேட்டாள், என்ன பதில் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. திரும்பி வந்து, தேங்காய் அடிக்கிறதைப் பிள்ளையார் பார்க்கவேண்டும், அதுக்குப் பிறகு ஆற்றில் விடுவோம் என்று சொன்னாள். அவர் சம்மதித்தார். கல்லைத் தன் மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். வையூரு வரைக்கும் தலையைக் குனிந்தபடிதான் இருந்தாள்.

அந்த வளவில் ஒரு பால் போத்தல் பெட்டியைக் கவிழ்த்துப் பிள்ளையாரை இருத்தினோம். முதல் தேங்காய் அவள் அடித்தாள். மிச்சத்தை நான் தொடங்கினேன். முப்பதுக்குப் பிறகு தோள்மூட்டு எரிந்தது. அவரும் அங்கியைக் கழற்றிவிட்டு வந்து அடித்தார். நாலைந்து பேரப்பிள்ளைகள் வாளியோடு ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். அவருடைய மனைவி, இதில் பாதியைப் பாலாகப் பிழிந்து வைக்கலாம் என்று இன்னொரு சட்டி கொண்டுவந்தார். அறுபத்தொன்றா அறுபத்திரண்டா என்று மனைவிக்கு எண்ணிக்கை பிசகிவிட்டது. பயந்துபோனாள். அவர் ஒவ்வொன்றுக்கும் சுவரில் கரிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாராம். அறுபத்தொன்று என்று காட்டினார். அங்கிருந்து அவர் தன் மொழியில் சத்தமாக எண்ண, அவள் விளங்காத அந்த எண்களை நம்பிக்கொண்டு நின்றாள்.

தொண்ணூறுக்குக் கிட்ட ஒன்று அழுகல். எங்கள் சனத்துக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மனைவியின் முகம் வெளிறிவிட்டது. அவர் மணந்து பார்த்துவிட்டு, “சாக்குக்கு ஒன்று அப்படித்தான் இருக்கும், ஆன்ட்டி,” என்று குப்பைவாளிக்குள் போட்டார். அதற்குப் போட்ட கரிக்கோட்டை அவர் அழித்துவிட்டார். மனைவி காருக்குள் போய், காவலுக்கு என்று தனியாகக் கட்டிக்கொண்டு வந்திருந்த இன்னொரு தேங்காயை எடுத்து வந்து தந்தாள். கடைசி எண்ணை அவர் இரண்டு தடவை சொன்னார்.

அவரோடு திரும்பவும் வடக்கே ஓடி ஆற்றுக்கு வந்தோம். பதினாறு வருட எண்ணெயும் குங்குமமும் லேசில் போகவில்லை. மனைவி குளிர்ந்த தண்ணீரில் கை விறைக்க விறைக்க மணலால் தேய்த்துக் கழுவினாள். பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள், உத்தரவு தா என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. நான் கல்லைத் தண்ணீருக்குள் வைத்தேன். அவர் எங்களுக்கு மேலே, கரையில், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கள் மொழியில் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். முடிந்ததும் மனைவி அவரைக் கும்பிட்டாள். அவர் மூக்கோடு மூக்கு வைக்க என்னிடம் குனிந்தார். நான் அதுவரை அப்படி யாரோடும் செய்ததில்லை.

மகள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பொழுதுபடுகிற நேரம். மனைவி முழுகிவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்து, தொட்டிலுக்கு முன்னால் நின்றாள். கை இரண்டும் முன்னுக்கு வந்துவிட்டன. ஆனால் எட்டவில்லை. நடுவில் நின்றுவிட்டன. மகள் தாயையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

காலையிலிருந்து தேவைக்கு மட்டும் என்னோடு கதைத்த மனைவி, திரும்பி என்னிடம் கேட்டாள். “இஞ்சேருங்கோ. தூக்கலாமே?”

சாத்திரம் எனக்குத் தெரியாது. கோயில் ஐயரைக் கேட்டிருந்தால், நேர்ந்த இடத்தில் தீர்க்கவில்லையே என்று சொல்லியிருப்பாரோ தெரியாது. ஒரு மாதம் அவளிடம் உண்மையை ஒளித்தவன் நான். இனி ஒரு சொல் சொன்னால் அது என் மனத்துக்கு உண்மையாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அந்தச் சீமெந்துத் தரையை யோசித்தேன். பிள்ளைகள் தேங்காய்ப் பாதியை முகத்தில் வைத்துக் கடித்ததை யோசித்தேன்.

“நீர் தூக்கும்,” என்றேன். “குடுக்கவேண்டியதைக் குடுத்தாச்சு.”

அவள் குனிந்து எடுத்தாள். எடுத்த மாதிரியே தெரியவில்லை, அவ்வளவு மெதுவாக. பேத்தி கண்ணைத் திறக்கவில்லை. ஒரு தடவை வாயைச் சப்பிவிட்டு மனைவியின் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் சுவரோடு சாய்ந்து அழுதாள். நானும் கொஞ்சம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தபோது மனைவி அதே இடத்தில் நின்றபடியே இருந்தாள். சம்பந்தியம்மா கதிரை கொண்டுவந்து போட்டும் அவள் அதில் இருக்கவில்லை.

“அம்மா, ஷி நீட்ஸ் எ ஃபீட். பால் குடுக்கவேணும், தாங்கோ,” என்று மகள் கையை நீட்டினாள்.

“பொறு பிள்ளை,” என்றாள் மனைவி. “இன்னும் கொஞ்சம்.”